பின்சுவரைப் பற்றி நான் சொல்லாதது

நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆண்டர்சன்பேட்டை வீட்டின் முன்பக்கம், கூடம், சமையலறை, தண்ணீர்த் தொட்டி என்று வரிசையாக எடுத்திருக்கிறாய். பின் அறைக்கு மட்டும் ஒரே ஒரு படம், அதுவும் கதவருகிலிருந்தே எடுத்தது. கூடவே நீ போட்டிருந்த கணக்கையும் படித்தேன். வங்கிக் கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, வாடகை எவ்வளவு வரும் என்றெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறாய். முன்பணத்துக்கு பழைய மைசூர் மைன்ஸ் சுரங்கத்து ஓரத்தில் சும்மா கிடக்கும் நம் மனையை விற்றுத் தரச் சொல்கிறாய். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "வாடகைங்கறது நாம தூங்கும்போதும் வர்ற வருமானம்மா." அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். உன் அப்பா என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் மூன்றாவது வாக்கியத்திலேயே நீ "சரிம்மா, புரியுது" என்று சொல்லிவிடுவாய், நானும் அத்தோடு நிறுத்திவிடுவேன். ஏழு வருடங்களாக அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். உறைக்குள் போட்டு ஒட்டாமல், மற்றவர்களும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெங்களூருக்கு ரயிலில் போய் வந்து சம்பாதித்து, அதில் முதல் வீட்டை வாங்கி வாடகைக்கு விட நினைக்கும் பிள்ளைகள் நம் கோலார் தங்க வயலில் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கும் இது உதவலாம். இதில் ஒருத்தியின் பெயரை மட்டும் ரோசலின் என்று மாற்றியிருக்கிறேன். யாரென்று உனக்குத் தெரியும்.

அந்த மனை எப்போதும் மனையாக இருந்ததில்லை. அங்கே நம் வீடு ஒன்று இருந்தது உனக்கு நினைவிருக்கும். நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது வாங்கினேன். சுரங்கம் மூடி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. உன் தாத்தாவுக்குக் கணக்கு முடித்துக் கம்பெனி கொடுத்த பணத்தில் கொஞ்சம், என் பள்ளிக்கூடச் சம்பளத்தில் சேர்த்தது கொஞ்சம். எங்கள் குடும்பத்தில் சொந்தமாகச் சுவர் வைத்திருந்தவர் அதற்கு முன் ஒருவரும் இல்லை. நான் பிறந்தது சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து லைன் வீட்டில். வரிசையாக ஒட்டிக் கட்டிய கம்பெனி வீடுகளைத்தான் லைன் என்போம். வீடு, தண்ணீர்க் குழாய், விளக்கு, எல்லாம் கம்பெனியுடையது. ஓடு ஒழுகினால் ஆபீசில் போய் ஒரு புத்தகத்தில் எழுதிவிட்டு வர வேண்டும். சில மாதம் கழித்து ஒரு மேஸ்திரி வருவார், அண்ணாந்து பார்ப்பார், போய்விடுவார். எழுதிப் பயனில்லை என்று தெரிந்து பலர் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் என்றால் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு நான் பார்த்திருந்த ஒரே மாதிரி அதுதான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். பௌதிகம் படித்தவள், பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவள். அந்த வீட்டின் பத்திரத்தை மூன்று வக்கீல்களிடம் காட்டினேன். வில்லங்கச் சான்று எடுத்தேன். கத்தா என்கிற சொத்துவரிப் பதிவு யார் பெயரில் இருக்கிறது, கம்பெனி நிலம் எங்கே முடிகிறது, பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்று நில அளவைக்காரரைக் கூட்டிவந்து சங்கிலி பிடித்து அளக்க வைத்தேன். புரோக்கருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா டீச்சர், பத்திரத்தப் பரீட்சை பேப்பர் மாதிரி திருத்தினு கீறீங்க. பாஸா பெயிலா, அதைச் சொல்லுங்க" என்றார். எனக்கு அதில் பெருமைதான்.

காகிதத்தில் ஒரு புள்ளி விடாமல் பார்த்த நான், பின்சுவரில் இருந்த விரிசலை ஒரு விரிசலாகவே பார்க்கவில்லை. இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். நாங்கள் வளர்ந்த காலத்தில் பூமிக்கு அடியில், மிக ஆழத்தில், அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே எங்கள் வீட்டில் அலமாரித் தட்டுகள் கிடுகிடுக்கும், ஒரு நிமிடம் எல்லோரும் பேச்சை நிறுத்துவோம், உள்ளே எந்த ஷிப்ட், நம் ஆள் மேலே வந்துவிட்டாரா என்று மனதுக்குள் கணக்குப் போடுவோம். சுவரில் புதிதாக ஒரு கோடு விழுந்திருக்கும். அதை யாரும் சட்டை செய்யமாட்டார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தக் கோட்டை நன்றியோடுதான் பார்ப்போம். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது அது மறையும், அடுத்த வெடிப்பில் மறுபடி தெரியும்.

உன் தாத்தா சுரங்கத்துக்குள் டிம்பர்மேனாக இருந்தவர். கூரைப்பாறை இறங்காமல் மரம் முட்டுக்கொடுப்பது அவர் வேலை. கீழே போனால், தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டி, அதன் சத்தத்தைக் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். கெட்டியான பாறை கணீரென்று சொல்லும், விட்டுப்போன பாறை பொத்தென்று சொல்லும் என்பார். அப்படிப்பட்டவரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பின் அறையைக் காட்டினேன். விரிசல்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தட்டவில்லை. "நம்ம ஊர்ல விரிசல் இல்லாத வீடு ஒண்ணு காட்டு, நான் மொட்டை போட்டுக்கறேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சுரங்கம்தான் மூடியாயிற்றே, வெடிப்பெல்லாம் ஓய்ந்துகொண்டு வருகிறதே, இந்த விரிசலின் ஓரம் ஏன் இன்னும் புதிதாக இருக்கிறது என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. அவர் கீழே இருந்ததைத்தான் சந்தேகப்படப் பழகியவர். நான் காகிதத்தில் இருந்ததைத்தான் சந்தேகப்படப் பழகியவள்.

ரோசலினும் தாசும் குடிவந்தது அந்த வருடமே. அவள் தையல் வேலை செய்தாள். அவர் பெங்களூரில் ஒரு கட்டடத்துக்கு இரவுக் காவல். மாலை ரயிலில் போவார், காலை ரயிலில் வந்து, சாப்பிட்டுவிட்டுப் பகலில் தூங்குவார். முதல் தேதிக்கு முன்பே வாடகையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உன் யூனிபார்மில் பொத்தான் விட்டிருந்தால் அங்கேயே தைத்துக்கொடுத்துவிட்டுப் போவாள் ரோசலின். நல்ல ஆட்கள் குடிவந்திருக்கிறார்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். நல்ல ஆட்கள் என்று நான் சொன்னதன் பொருள், அவர்கள் எதுவும் கேட்பதில்லை என்பதுதான்.

ஆனால் அவள் கேட்டாள். மூன்று முறை கேட்டாள். உனக்கு நான் சொல்லாதது இதைத்தான். முதல் முறை, பின்கதவு நிலையில் மாட்டிக்கொள்கிறது, சாத்த முடியவில்லை என்றாள். தச்சரை அனுப்பிக் கதவின் மேல்விளிம்பை இழைக்கச் சொன்னேன். இரண்டு வருடத்தில் மறுபடி மாட்டியது. மறுபடி இழைத்தார். இரண்டாம் முறை, விரிசலில் தன் சுண்டுவிரல் நுழைகிறது என்றாள். மேஸ்திரி வந்து சிமென்ட் வைத்துப் பூசி, மேலே வெள்ளை அடித்தார். அழகாக இருந்தது. மூன்றாம் முறை, நல்ல மழைக்காலத்தில், சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் அருகில் என்னைப் பார்த்து நின்றாள். "டீச்சர், மழை பெஞ்சா சுவத்துக்குக் கீழ தண்ணி ஓடற சத்தம் கேக்குது. இவரு தூங்கறாரு, இவருக்குக் கேக்கல. எனக்குக் கேக்குது" என்றாள்.

அந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வாடகையைக் கொஞ்சம் ஏற்றப்போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அதைத் தடுக்கத்தான் பேச்சை இப்படி ஆரம்பிக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லக்கூடாது, எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவளுக்கு அந்த ஓர் எண்ணத்தின்மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. "இந்த ஊர்ல விரிசல் இல்லாத வீடு எது ரோசலின்? நீயும் லைன்ல பொறந்தவதானே" என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, "அதுவும் சரிதான் டீச்சர்" என்று போய்விட்டாள். அடுத்த முதல் தேதிக்கு ஏற்றிய வாடகையோடு வந்தாள்.

மீதி உனக்குத் தெரியும். அல்லது நான் சொன்ன அளவுக்குத் தெரியும். நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். மூன்று நாள் அடைமழை, நான்காம் நாள் நல்ல வெயில். நான் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் வந்து கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது பின்சுவர் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அக்கம்பக்கத்து ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள் ஏழெட்டுப் பேர், யாரும் சொல்லாமலே வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தமில்லை. கீழே ஆள் மாட்டிக்கொண்டால் எப்படிச் செய்வார்களோ அப்படி. நடுவில் ஒருவர் கையைத் தூக்கினார், எல்லோரும் நின்றார்கள். அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தாஸ் மாமா இறந்திருந்தார்.

உனக்குத் தெரியாதது அதற்கப்புறம் நடந்தது. துண்டை அவிழ்த்த அந்தப் பெரியவர் சுவரின் அடியில் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இது பர்ஸ்ட் விரிசல் இல்லமா. இங்க பழைய கக்கூஸ் குழி இருந்துகீது. அதை மூடி அது மேலயே சுவத்த எழுப்பிட்டாங்க. தண்ணி எறங்கி எறங்கி மண்ணு போயிடுச்சி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இவ்ளோ நாளும் கதவு மாட்டலையா?"

"தெரியலைங்க" என்றேன்.

ரோசலின் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் போலீஸ்காரர் கேட்டபோதும், "மழையில விழுந்துச்சு சார்" என்றுதான் சொன்னாள். பூமி அசைந்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று கேட்டு வளர்ந்தவள் அவளும். அந்த வளர்ப்பை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அட்வான்ஸ் பணத்தை அப்படியே கொடுத்தேன், அதற்கு மேலும் கொடுத்தேன், மிச்சச் சுவர்களை இடித்து இடத்தைச் சுத்தம் செய்தேன். உன்னிடம், இனிமேல் வாடகைக்கு விடும் தொல்லையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னேன். நீ "சரிம்மா" என்றாய்.

உன் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அவளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. போன சனிக்கிழமை பங்காரப்பேட்டைக்குப் போனேன். அங்கே அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள், இப்போதும் தையல்தான். வாங்க டீச்சர் என்று நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். உன்னை விசாரித்தாள். பொத்தான் இல்லாத சட்டையோடு சுற்றுவானே, இன்னும் அப்படித்தானா என்று கேட்டாள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு, கதவு, விரிசல், தண்ணீர் என்று நீ என்னிடம் மூன்று தடவை சொன்னாய், அந்தப் பெரியவர் கேட்டபோது நான் தெரியாது என்று சொன்னேன் என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போனதுபோல அந்த வாக்கியம் வெளியே வந்தது. பாதி வழியில் அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், வரவில்லை.

"அன்னிக்கு நானும் அங்க கேட்டுனுதானே இருந்தேன்" என்றாள். தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தியிருந்தாள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"இன்னா சொல்றது டீச்சர்? லைன்ல பொறந்தவதானேன்னு நீங்க கேட்டப்ப நானும்தானே சிரிச்சேன். சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயி அவரு கட்டில அந்தச் சுவத்தோரமாத் தள்ளிப் போட்டேன். பகல்ல தூங்கறவரு, அங்க வெயில் விழாதுன்னு."

அவள் ஏழு வருடங்களாக என்னை நினைத்துக் கொதித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் தன்னைத்தான் குற்றவாளியாக வைத்திருந்தாள். என் பொய்யை அன்றே அவள் எல்லோர் முன்னாலும் உடைத்திருந்தால், அந்தக் கட்டிலின் பாரத்தில் பாதியாவது என்மேல் விழுந்திருக்கும். நான் தெரியலை என்று சொன்னதால் முழுப் பாரமும் அவளிடமே தங்கிவிட்டது. ஒரு பொய்க்கு இவ்வளவு நீளம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தப்பு உன்னுடையதில்லை ரோசலின், என்னுடையது என்று சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அந்த மனையை அவள் பெயருக்கே எழுதிவைத்துவிடுகிறேன் என்றேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "அந்த எடத்த வெச்சினு நான் இன்னா பண்றது? அங்க போயி நிக்கவா?" என்றாள். மறுபடி கேட்டபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, விட்டுவிட்டேன். அவள் வாங்கிக்கொள்ளாததால் அந்த மனையை விற்று வரும் பணத்தில் ஒரு களங்கமும் இல்லை என்று நீ நினைத்துக்கொள்ளாதே. பிறகு நீ கேட்டதைச் சொன்னேன். ஒரு வீடு வாங்கப் போகிறாய், முதல் வீடு, வாடகைக்கு விட, அதற்காக மனையை விற்கச் சொல்கிறாய் என்று. கையிலிருந்த துணியை மடித்துவைத்தாள்.

"வித்துக் குடுங்க, வாங்கட்டும். நாங்கல்லாம் எங்கயாவது வாடகைக்கு இருந்துதானே ஆவணும்" என்றாள். "ஆனா ஆளு வெக்கறதுக்கு முன்னாடி, ஒரு மழைக்கு அந்த வீட்ல அவன படுக்கச் சொல்லுங்க. வாடகைக்காரி வந்து சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அவனே கேட்டுக்கட்டும்."

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். போயிட்டு வாங்க என்று சொல்லுவாள் என நினைத்துக் காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு நின்றேன். "சரி, போங்க" என்றாள்.

அங்கிருந்து நேராக ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன். நீ பார்த்த வீட்டின் சாவி பக்கத்துக் கடையில் இருந்தது. காலி வீடு, எல்லாச் சுவருக்கும் புது பெயின்ட். பின் அறைக் கதவைப் பத்துத் தடவை திறந்து மூடினேன், மாட்டவில்லை. அதனால் எதுவும் நிரூபணமாகிவிடாது. கடைக்காரர் சிரித்தார். "இன்னாமா, கதவ வாங்கறீங்களா, வீட்ட வாங்கறீங்களா?" உன் புரோக்கரிடம் பேசினேன். ஒரு கட்டட இன்ஜினியரை வைத்து அஸ்திவாரம் பக்கம் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்க்க வேண்டும், ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகுதான் பத்திரம் பதிவோம், அதுவரை வீட்டுக்காரர் நமக்கு வாடகைக்குக் கொடுக்கட்டும் என்று சொன்னேன். உங்கள் பிள்ளைக்கு அவசரம், உங்களுக்கு இல்லை போலிருக்கிறது என்றார். வாங்க வேறு ஆட்கள் இருக்கிறார்களாம். அவர்கள் வாங்கிக்கொண்டால் போகட்டும். உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். வேறு வீடு கிடைக்கும், அதற்கும் இதே நிபந்தனைதான்.

மனை விற்பனைக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். உன்னைத் தடுக்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை, தடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. வீட்டுக்காரனாக இருப்பது பாவமில்லை. நீ போட்ட கணக்கில் வாடகை வராத மாதங்களுக்கு ஒரு வரி வைத்திருக்கிறாய். உன் சுவருக்குள் ஒருவர் கண்ணை மூடித் தூங்குவார் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. அதை எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியாது. உன்னிடம் ஒரு நாள் ஒருத்தி வந்து கதவு மாட்டுகிறது என்பாள். அவள் ஏன் இதை இன்று சொல்கிறாள் என்று யோசிக்காதே. என்ன சொல்கிறாள் என்று மட்டும் போய்ப் பார்.

இது ஆடி. இன்னும் இரண்டு மாதத்தில் நல்ல மழை பிடிக்கும். வீட்டுக்காரர் சம்மதித்தால், தோண்டிப் பார்த்த இன்ஜினியர் சரி என்று சொன்னால், லீவு போட்டுவிட்டு வா. இரண்டு பாய், ஒரு ஸ்டவ், அரிசி, பருப்பு போதும். மழை விட்ட பிறகும் ஒரு நாள் கூட இருக்க வேண்டும், வெயில் வரும்வரை. நீ கூடத்தில் படுத்துக்கொள். பின் அறையில், சுவரோரமாக, நான் படுத்துக்கொள்கிறேன்.

அம்மா